எதையும் மறைக்காத படங்கள்

விஜயராணிக்கு அலறுவதுதான் பிழைப்பு. செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் டப்பிங் ஸ்டுடியோ இருந்தது. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிற படங்களுக்கு அங்கே தமிழில் குரல் கொடுத்துவந்தாள். ஓடிடி வந்த பிறகு அந்தப் படங்களுக்குத் தமிழ் பேசுகிறவர்களிடம் இவ்வளவு பசி இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் வருஷக்கணக்கில் பழிவாங்கக் காத்துத் திரிகிற கொரியாக்காரர்களும் வந்தார்கள்; ரம்பத்தை எடுத்தால் கூரை வரைக்கும் ரத்தம் அடிக்கிற ஜப்பான்காரர்களும் வந்தார்கள். எந்தப் படமானாலும் ஒரு பெண் அலற வேண்டியிருந்தது. அந்தப் பெண் பெரும்பாலும் விஜயராணியாக இருந்தாள்.

வேலை முடிந்து பஸ் பிடித்துத் தாராவிக்கு வந்துவிட்டால் அவள் சத்தமாகப் பேசவே மாட்டாள். தொண்டையைக் காப்பாற்றத்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அந்த வீட்டில் சத்தம் போட ஆள் இல்லாமல் போயிருந்தது. அப்பா காலமாகி வெகுகாலம் ஆயிற்று. தங்கச்சி மகேஸ்வரி போன வருஷத்து மழைக்காலத்தில், வேலைக்குப் போகும் காலை நேரத்தில், கூட்டம் பிதுங்கிய லோக்கல் ரயிலின் வாசலிலிருந்து விழுந்து செத்துப்போனாள். சயான் ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டி வளைகிற இடம். எதிர்த் திசையில் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்தது அம்மா தங்கத்தாய். மகள் செத்த அன்றைக்கும் அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை.

அந்த ஜப்பான் படம் வந்தது தை மாதத்தில். வெட்டுப்பட்டுச் செத்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், துண்டு துண்டாகத் திரும்பிவந்து தன் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டுகிற கதை. கதையென்று அவ்வளவுதான்; மீதியெல்லாம் ரத்தம். அக்காவுக்கு வேறொருத்தி பேசினாள். செத்த பெண்ணுக்கு விஜயராணி. சவுண்ட் பார்த்துக்கொண்ட திருவேங்கடம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்:

"ராணி, இதுல கத்தல் வேண்டாம். செத்தவளுக்குப் பயம் கிடையாதோன்னோ? வாசல்ல நின்னுண்டு சாதாரணமா கூப்பிடறா. அவ்வளவுதான்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் கதவு தெரிந்தது. கதவிடுக்கில் ஒரு கண். விஜயராணி மூச்சை இழுத்தாள். "யக்கா... கதவத் தொற. நாந்தான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து திருவேங்கடத்தின் குரல் மெதுவாக வந்தது. "எழுதிக் கொடுத்தது 'அக்கா'தான். நீ 'யக்கா'ங்கறே. ஆனா இருக்கட்டும், இது நன்னா இருக்கு. உனக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு எனக்குத் தெரியாதே."

போட்டுக் காட்டினார். காதுக்குள் பேசினது விஜயராணி இல்லை, மகேஸ்வரி. பேசத் தொடங்குவதற்கு முன்னால் மூக்கில் ஒரு சின்ன இழுப்பு. 'யக்கா'வின் கடைசியை லேசாகத் தூக்கிவிடுகிற செல்லம். எதையோ உடைத்துவிட்டு வந்து நிற்கிறவளின் கொஞ்சல். உயிரோடு இருந்தபோது போனில் இரண்டு பேர் குரலையும் மாற்றிப் புரிந்துகொண்டவர்கள் உண்டுதான். ஆனால் விஜயராணி ஒருநாளும் அவளைப் போலப் பேசிப் பார்த்ததில்லை. இப்போதும் அப்படிப் பேச நினைக்கவில்லை. அதுவாக வந்தது.

"சார், இன்னொரு டேக் போலாம்."

போனார்கள். இரண்டாவது தடவையும் மகேஸ்வரிதான் வந்தாள். மூன்றாவது தடவை விஜயராணி வேண்டுமென்றே குரலைக் கனமாக்கிப் பார்த்தாள். அது பொம்மை பேசுகிற மாதிரி இருந்தது. திருவேங்கடம் முதல் டேக்கையே வைத்துக்கொண்டார்.

படம் வெளியானதும் பக்கத்து வீட்டு நூர் நிஷாதான் முதலில் போட்டுப் பார்த்தாள். காயல்பட்டினத்துக்காரி, பகல் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள், காதுக்கு ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விஜயராணி பேசின படம் என்றால் தங்கத்தாயைக் கூப்பிடாமல் பார்க்கமாட்டாள். அன்றைக்கும் கூப்பிட்டாள். விஜயராணி சாயங்காலம் வந்தபோது நூர் நிஷா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ராணி, ஒங்கம்மா அந்தப் பிள்ள பேசுன ஒடனே அப்படியே கல்லாட்டம் ஆயிட்டாவ. நிப்பாட்டவான்னு கேட்டேன். வேண்டாம், ஓடட்டும்னாவ. எனக்கே மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சுட்டி. மகேசு வந்து வாசல்ல நிக்கா மாதிரியே இருந்துச்சு."

உள்ளே தங்கத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஜயராணியும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து தங்கத்தாய் தானே படம் பார்க்க ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு டேப்லெட் இருந்தது, மகேஸ்வரி வாங்கியது. அதை அரிசி டின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டு, மத்தியான வேலை முடிந்ததும் உட்கார்ந்துவிடுவாள். அந்த ஜப்பான் படம்தான். கை அறுபடும், தலை உருளும், சுவரெல்லாம் சிவக்கும். தங்கத்தாய் கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பாள். பல்லி ஒன்று மேலே விழுந்தால் வீடு அதிர அலறுகிற மனுஷி அவள். இதற்கு மட்டும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. டாக்டர்கள் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அம்மா மகளின் குரலைக் கேட்க உட்காருகிறாள் என்று விஜயராணி நினைத்தாள். செத்தவளை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது தான்தான் என்றும் நினைத்தாள். லீவு நாளில் சுவரோரம் படுத்திருப்பாள், டேப்லெட்டிலிருந்து 'யக்கா... கதவத் தொற' என்று வரும். உடம்பு தானாக எழுந்துகொள்ளும். ஒரு மத்தியானம் அப்படித்தான் எழுந்துபோய், தூக்கக் கலக்கத்தில் வாசல் கதவின் தாழ்ப்பாளையே எடுத்துவிட்டாள். வெளியே வெயிலும் தண்ணீர் டிரம்மும்தான் இருந்தன. திரும்பிப் பார்த்தால் அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள் தங்கத்தாய்.

"யாருமில்ல."

அந்த வாரம் திருவேங்கடத்திடம் அந்த ஒரு இடத்தை மட்டும் வேறு குரலில் மாற்ற முடியுமா என்று கேட்டாள். கொடுத்தனுப்பிய படத்தில் இனிமேல் கை வைக்க முடியாது என்றார் அவர். மாமா சுயம்புவிடம் போய்ச் சொன்னாள். தங்கத்தாயின் தம்பி, நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மகேஸ்வரி செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி, போலீஸ், மயானம் எல்லாம் அவர்தான் ஓடியது.

"அந்த எளவு படத்த மொதல்ல எடுத்துப் போடு," என்றார் மாமா. "நானும் அக்காட்ட சொல்லுதேன். இப்பிடியே விட்டா மூள கலங்கிரும்."

விஜயராணி டேப்லெட்டிலிருந்து அந்த ஆப்பை அழித்தாள். தங்கத்தாய் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மூன்று நாள் டேப்லெட் அரிசி டின்னுக்குப் பின்னாலேயே கிடந்தது. விஜயராணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒருநாள் ஸ்டுடியோவில் கரண்ட் போய், மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. நூர் நிஷா வீட்டில் தையல் மிஷின் ஓடவில்லை, டிவி ஓடியது. எட்டிப் பார்த்தாள். நூர் நிஷா கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தரையில் தங்கத்தாய் உட்கார்ந்திருந்தாள். டிவியில் ஒரு கொரியப் படம். கொலைகாரன் ஒருவன் பனிக்காட்டில் ஒரு உடம்பைப் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். படம் கொரிய மொழியிலேயே ஓடியது. கீழே இங்கிலீஷ் எழுத்து. தங்கத்தாய்க்குக் கொரியனும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதில் விஜயராணியின் குரலும் இல்லை, மகேஸ்வரியின் குரலும் இல்லை.

வாசலிலேயே நின்றாள். அவள் இத்தனை நாளும் நினைத்தது சரியில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"எம்மா," என்றாள். "இதுல என்ன பாக்க?"

தங்கத்தாய் திரும்பவில்லை. "இவன் எப்பிடிச் சுத்துதான்னு பாக்கேன்."

"எம்மா!"

"அவளையும் இப்பிடித்தான சுத்திக் கொண்டாந்தாவ." தங்கத்தாயின் குரலில் கோபம் இல்லை, விசாரிக்கிற தொனிதான். "கட்டிக் கொண்டாந்து வச்சிய. அவுக்கக் கூடாதுன்னு ஒம் மாமன் கையப் பிடிச்சுக்கிட்டான். நீ சொன்ன, தூங்குத மாதிரி இருக்கான்னு. தூங்குத மாதிரி இருந்தா எதுக்குட்டி கட்டணும்?"

விஜயராணி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஒந் தங்கச்சி குரலுக்காவப் பாக்கேன்னு நெனச்சு அழிச்சிட்ட. அந்தக் குரல் ஒன்னோடதுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரையும் நாந்தான பெத்தேன்." டிவியைக் காட்டினாள். "எம் பிள்ளய எனக்கு மறச்சுட்டீய. இவனுவோ ஒண்ணயும் மறைக்க மாட்டுக்கான். கை போனா கை போச்சுன்னு காட்டுதான். தல போனா தலயக் காட்டுதான். இதுல எது மாதிரி இருந்தா அவ? கண்ண மூடுனா ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு மாதிரி வாரா. எது எம் பிள்ளன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

கட்டிலில் நூர் நிஷா எப்போதோ விழித்துவிட்டிருந்தாள். எழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தாள்.

விஜயராணி அன்றைக்கும் சொல்லவில்லை. "வாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்து எழுப்பினாள். பிணவறைக்குள் போனது அவள் ஒருத்திதான். மாமாகூட வாசலோடு நின்றுவிட்டார். பார்த்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; தனக்குள்ளேகூட வார்த்தையாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு கொரியப் படம் வந்தது. பேயில்லை, ரம்பமில்லை. காணாமல்போன மகளைத் தேடும் ஒரு மீன் கடைக்காரியின் கதை. விஜயராணிக்கு முதல் தடவையாக அம்மா வேஷம். பாதிப் படத்தில் அந்தப் பெண்ணைப் பிணவறைக்குக் கூட்டிப்போகிறார்கள். இந்த மாதிரிப் படங்களில் பிணவறைக்குப் போகாத படம் குறைவு. விஜயராணியே பலமுறை அதே இடத்தில் அலறியிருக்கிறாள். இந்த மீன் கடைக்காரி அலறவில்லை. போலீஸ்காரன் முகத்தை மட்டும் காட்டிவிட்டுத் துணியை இழுத்து மூடப்போகிறான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, மிகச் சாதாரணமாக, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி, "முழுசா எடுங்க. எம் பொண்ணுதானே" என்கிறாள்.

விஜயராணி வாயைத் திறந்தாள். "முழுசா" என்றது வரைக்கும் வந்தது.

"பரவாயில்லை, திரும்பப் போலாம்," என்றார் திருவேங்கடம்.

மறுபடியும் அங்கேயே நின்றது. திரையில் அந்தக் கொரியாக்காரியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் விஜயராணி. கொஞ்ச நேரத்தில் அந்த உதடு அவளிடமே கேட்கிற மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவைத்தாள்.

திருவேங்கடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்கு மகேஸ்வரி செத்த விஷயம் தெரியும். "வேற யாரையாவது வச்சுக்கட்டுமா?"

"வேண்டாம் சார். நாந்தான் பேசுவேன். நாளைக்கு வந்து பேசுதேன்." அவரிடம் பேசும்போது வராத ஊர்ப்பேச்சு அன்றைக்கு வந்துவிட்டது. "இன்னைக்கு எங்கம்மாட்டப் பேசணும்."

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. தங்கத்தாய் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். விஜயராணி கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எம்மா, கேளு. சொல்லுதேன்."

தங்கத்தாய் கீரைத் தட்டைத் தள்ளிவைத்தாள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"மொகம் பாதிதான் இருந்துச்சு. எடது பக்கம் நல்லா இருந்துச்சு. கண்ணு, புருவம், எல்லாம். வலது பக்கம் இல்ல."

"ம்."

"வலது கை தனியா இருந்துச்சு. பக்கத்துல வச்சிருந்தாவ. வயிறு... துணி மூடிருந்தாவ. நான் தூக்கிப் பாக்கல."

"காலு?"

"கால் ரெண்டும் நல்லா இருந்துச்சும்மா. ஒரு கீறல்கூட இல்ல."

தங்கத்தாய் தலையை ஆட்டினாள். நிதானமாக, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறவளைப் போல. "தலமுடி?"

"பின்னிருந்துச்சு. காலைல நீ பின்னிவிட்டதுதான். அவுறல."

"வாய் மூடிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

இந்தக் கேள்வியை விஜயராணி எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். "தொறந்துதான் இருந்துச்சு."

தங்கத்தாய் மடியில் ஒட்டியிருந்த கீரை இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வெளியே சந்தில் யாரோ இந்தியில் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

"அப்ப கூப்பிட்டிருக்கா," என்றாள்.

"தெரியலம்மா."

"கூப்பிட்டிருப்பா. என்னையோ, ஒன்னையோ." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீ தொட்டியா அவள?"

"இல்லம்மா." விஜயராணிக்கு முகம் கோணிக்கொண்டது. "தொடல. பயந்துட்டேன். என் தங்கச்சி, அவளப் பாத்து நான் பயந்துட்டேன். வெளிய ஓடியாந்துட்டேன்."

தங்கத்தாய் எழுந்துவந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீரை வாசனை அடிக்கிற கையால் அவள் முகத்தைப் பிடித்தாள். "பொறந்தன்னைக்கே ரத்தமும் சதையுமா அவள மொதல்ல பாத்தவ நான். எனக்கென்னட்டி பயம்? என்னைய உள்ள விட்டிருந்தா நான் தொட்டிருப்பேன். அள்ளி மடில வச்சிருப்பேன். நீ சின்னப் பிள்ள. ஒன்னையப் போயி ஒத்தையில அனுப்பிட்டானே ஒம் மாமன்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. செத்தவளுக்காக வராத அழுகை இருக்கிறவளுக்காக வந்தது. ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்தது. நூர் நிஷா சத்தம் கேட்டு ஓடிவந்து, கதவைத் திறக்காமல், வெளியிலிருந்தே "யா அல்லா, யா அல்லா" என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விஜயராணி அந்த மீன் கடைக்காரிக்குப் பேசி முடித்தாள். ஒரே டேக். திருவேங்கடம் நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கத்தாய் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். சயானில் இறங்கி, தண்டவாளத்துக்கு மேலே போகிற நடைபாலத்தில் ஏறி நின்றார்கள். கீழே கருங்கல் ஜல்லியும் எருக்கஞ்செடியும் பிளாஸ்டிக் குப்பையும். இரண்டு பக்கமும் வண்டிகள் வந்தன, போயின. வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்களின் சட்டைகள் காற்றில் படபடத்தன. எந்த இடம் என்று விஜயராணி கை நீட்டிக் காட்டினாள். தங்கத்தாய் கொஞ்சம் பார்த்தாள்.

"சின்ன எடந்தான்," என்றாள். பிறகு, "வா, பசிக்கு."

அதற்குப் பிறகு தங்கத்தாய் தனியாக அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. நூர் நிஷா எப்போதாவது போட்டால் போய் உட்காருவாள். கத்தியைத் தூக்கும்போதே, "ஐயே, மாத்து நூரு, மாத்து! மனுசன் பாப்பானா இத!" என்று முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வாள். நூர் நிஷா சிரிப்பாள். கனவில் மகேஸ்வரி வருகிறாளா என்று ஒருநாள் விஜயராணி கேட்டதற்கு, "வாரா. பாதி மொகத்தோடதான் வாரா. ஒரே மாதிரிதான் வாரா. பழகிட்டு" என்றாள்.

அம்மாவுக்கு ஒரு வழி பிறந்தது. விஜயராணிக்குத்தான் இன்னும் பிறக்கவில்லை. செம்பூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால், போனில் அந்த ஜப்பான் படத்தைத் திறப்பாள். படத்தைப் பார்க்கமாட்டாள், போனை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு, காதில் மட்டும் மாட்டிக்கொள்வாள். அது தன்னுடைய குரல்தான் என்று அவளுக்குத் தெரியும், அம்மாவே சொல்லிவிட்டாளே. ஆனாலும் அந்த இடம் வரும்போது பஸ்ஸும் வெயிலும் ரோட்டுச் சத்தமும் விலகிப்போகும். மூக்கில் அந்தச் சின்ன இழுப்பு கேட்கும்.

"யக்கா... கதவத் தொற. நாந்தான்."

"உள்ள வாட்டி," என்பாள் விஜயராணி, உதடு மட்டும் அசைய. பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் யாரோடோ போன் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.